கண்டியின் அரசி தோனா கத்தரீனா

தலவாக்கலையிலோ ஹட்டனிலோ ரயிலேறிக் கொழும்புக்குப் பயணம் செய்யும் வாசகரே, பேராதனை கழிந்து கடுகண்ணாவைச் சரிவில் வண்டி இறங்கும்போது பலன என்றொரு சிறிய நிலையம் வருவதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கணவாய்தான் ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்தின் வாசற்படி. அதற்கு அப்பால், மலைப்பக்கமாக இருக்கும் தந்துரை என்னும் ஊரில், 1594ஆம் ஆண்டு ஓர் இளம்பெண்ணின் பேரால் பெரும் போர் நடந்தது. அவளுடைய கதையைச் சற்றுக் கேளுங்கள்.

குசுமாசன தேவி கண்டி மன்னர் கரலியத்தே பண்டாரவின் மகள். 1582ஆம் ஆண்டளவில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றவே, மன்னர் குழந்தையுடன் திருகோணமலைப் பக்கம் ஓடினார். அங்கே வைசூரி கண்டு இறந்தார். அநாதையான சிறுமி போர்த்துக்கேயரிடம் சேர்ந்தாள். ஞானஸ்நானத்தில் தோனா கத்தரீனா என்ற பெயரைப் பெற்று, மன்னாரில் கிறிஸ்தவளாக வளர்ந்தாள்.

போர்த்துக்கேயருக்கு அவள் ஒரு பிள்ளை மட்டுமல்ல, கண்டி முடிக்கு ஓர் உரிமைப் பத்திரமும் ஆனாள். தளபதி பேதுரு லோப்பஸ் தெ சூசா அவளை அழைத்துக்கொண்டு மலையேறினார். அவருடைய படையில் போர்த்துக்கேயர் சிலரே. பெரும்பகுதியினர் லஸ்கரீன்கள் எனப்பட்ட இந்நாட்டுப் போர்வீரர்கள். அவர்களை நடத்தியவர் ஜயவீர பண்டார. எதிரே நின்றவர் கொனப்பு பண்டார. இவரும் கொழும்பில் ஞானஸ்நானம் பெற்றுப் போர்த்துக்கேயரின் படையிலேயே பழகி, பின்பு அவர்களை எதிர்த்துக் கண்டியைப் பிடித்தவர். ஆகவே இரு பக்கமும் இம்மண்ணின் மக்களே நின்றார்கள்.

படை கண்டி நகருக்குள் புகுந்தது, கத்தரீனா அரசியாக்கப்பட்டாள். ஆனால் அவளை ஒரு போர்த்துக்கேயருக்கு மணமுடித்துவிடுவார்கள் என்ற பேச்சு பரவியதும் மக்கள் மனம் கசந்தது. ஜயவீர துரோகம் செய்கிறார் என்று காட்டும் பொய் ஓலையொன்றைக் கொனப்பு பண்டார போர்த்துக்கேயரின் கையில் சிக்கவைத்தார். அதை நம்பி அவர்கள் ஜயவீரவைக் கொன்றார்கள். அன்றே லஸ்கரீன்கள் அணியணியாகப் பிரிந்து போனார்கள். எஞ்சிய படை பலனக் கணவாயை நோக்கிப் பின்வாங்கியபோது தந்துரையில் வளைக்கப்பட்டு அழிந்தது. தளபதியும் மாண்டார். சந்தேகம் ஒரு படையை எப்படி உள்ளிருந்தே தின்றுவிடுகிறது, பார்த்தீர்களா?

வெற்றி பெற்றவர் முதலாம் விமலதர்மசூரியன் என்ற பெயருடன் முடிசூடி, பௌத்தம் தழுவி, கத்தரீனாவை மணந்தார். அவளுடைய விருப்பத்தை இரு தரப்பிலும் எவரும் கேட்கவில்லை. ஆயினும், 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன், அரசியும் பிள்ளைகளும் கிறிஸ்தவ முறையில் உடுத்தியிருந்ததைக் கண்டு எழுதிவைத்தார். சிறுவயதில் கற்றது அவள் உள்ளத்தைவிட்டு முற்றாக அகலவில்லை போலும்.

1604இல் கணவர் இறந்தார். அடுத்து அரசரான செனரத் அவளை மணந்துகொண்டார். 1612இல் மூத்த மகனைப் பறிகொடுத்தாள். மறு ஆண்டில் அவளும் கண்மூடினாள்.

வாசகரே, கதை அத்துடன் முடியவில்லை. செனரத்துக்கு அவள் பெற்ற மகனே இரண்டாம் இராஜசிங்கன். அவருடைய மகன் இரண்டாம் விமலதர்மசூரியன். ஒல்லாந்தர் நம் மக்களைத் துன்புறுத்திய காலத்தில், 1692இல், கோவாவிலிருந்து வந்த எளிய குருவானவர் ஒருவர் கண்டிக்குள் நுழைந்தார். முதலில் ஒற்றர் என்று சிறையிலிட்டாலும், பின்னர் அவருக்கு நிழல் கொடுத்தவர் கத்தரீனாவின் இந்தப் பேரனே. அந்தக் குருவானவர்தான் 2015இல் புனிதராக உயர்த்தப்பட்ட யோசேவாஸ் அடிகளார்.

வாளோடு வந்தவர்கள் மலைநாட்டில் வேதத்தை நிலைநாட்ட முடியவில்லை. கால்நடையாக, வெறுங்கையோடு வந்தவரால் அது முடிந்தது. அடுத்த முறை பலன நிலையத்தைக் கடக்கும்போது, பெரியவர்களின் போட்டிக்குப் பணயமான அந்தச் சிறுமியையும், இன்றும் போர்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளையும் நினைத்து ஒரு செபம் சொல்லுங்கள்.