தங்கமலைக் காட்டருகே ஒரு மாளிகை

1869-ஆம் ஆண்டு, நான் பிறந்த மடுல்சீமைக்குப் பொல்லாத ஆண்டு. இலங்கையின் காப்பிப் பயிரை அடியோடு மாய்த்த இலைநோய் முதன்முதலிற் கண்டுகொள்ளப்பட்டது எங்கள் மலைத் தோட்டமொன்றிலேதான். காட்டை வெட்டி, மலைச்சரிவெங்கும் ஒரே பயிரை நட்டிருந்தமையால், செடிக்குச் செடி நோய் தடையின்றிப் பரவிற்று. காப்பி போய்த் தேயிலை வந்தது. காடு மட்டும் திரும்பவில்லை.

அதே ஆண்டிற் பிறந்தவர் ஸர் தாமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த ஜான் ரஸ்ஸல் பிரபு அவருடைய தாய்வழிப் பாட்டனார். 1887-இல் தோட்டத் தொழில் பயில வந்த அவ்விளைஞர், நாளடைவில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராக உயர்ந்தார். சட்டநிரூபண சபையிலும் அங்கம் வகித்தார். காட்டை விழுங்கிய தேயிலையே அவரை உயர்த்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும், தமக்கென வீடு கட்ட அவர் தேர்ந்த இடம் காட்டின் அயல். 1931-இல் அப்புத்தளைக்கு அருகே, பத்து ஏக்கர் நிலத்தில், கருங்கல் மாளிகையொன்றை எழுப்பித் தாம் பிறந்த ஊரின் பெயரால் அதற்கு அடிஷாம் என்று பெயரிட்டார். அதனை அடுத்திருக்கும் தங்கமலைக் காட்டை 1938-இல் அரசாங்கம் சரணாலயமாக்கியது. பரப்பு ஏறக்குறைய 130 ஹெக்டேர்தான். 1959-இல் வில்லியர்ஸ் மறைந்தார். மாளிகை பின்னர் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாயிற்று. காடு நிலைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்றேன். தோட்டத்து ஓரப் புதரில், காதருகே மஞ்சள் தீட்டிய சின்னான் குருவி பழம் கொத்திக்கொண்டிருந்தது. காட்டுக்குள் நடந்தபோது, நீல உடலும் செம்பழுப்புச் சிறகும் செவ்வலகும் கொண்ட நெடுவாற் பறவையொன்று கிளை தாவிற்று. இவ்விரண்டும் இலங்கையன்றி வேறெந்நாட்டிலும் இல்லாதவை. பின்னது அடர்வனத்தை நம்பி வாழ்வது. என் இளமையில் மடுல்சீமைத் தேயிலை மலைகளில் அதனை ஒருநாளும் கண்டதில்லை.

தானியம் இறைத்தால் சிட்டுகள் வரும். காட்டுப் பறவைக்கோ காடே வேண்டும். எங்கள் மலைகளிலும் ஓடைக்கரைகளிலும் உச்சிகளிலும் மரங்கள் இன்னும் சில மிஞ்சியுள்ளன. அவற்றையேனும் வெட்டாமல் விடுவோமானால், எங்கள் பேரப்பிள்ளைகள் அந்நீலப் பறவையைக் காண அப்புத்தளை வரை செல்ல வேண்டியிராது.