அறிவியற் பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ்

மாணாக்கர்களே! நம் கண் ஒளியைக் காண வல்லது. ஆயினும், ஒளிக்கு உடன்பிறப்புகள் போன்ற பிற அலைகளைக் காணும் ஆற்றல் அதற்கு இல்லை. வானொலிப் பெட்டியை நாடி வரும் அலையும் கைப்பேசியை நாடி வரும் அலையும் இரவும் பகலும் நம்மைச் சூழ்ந்து உலவுகின்றன; நாமோ அவற்றை அறிவதில்லை. அவ்வலைகளையும் ஒளியையும் ஒருங்கே உணரவல்ல கண் ஒன்றை, உயிரற்ற கனிமத்தைக் கொண்டு அமைத்தார் வங்க நாட்டுப் பெரியார் ஒருவர். அதனால் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்புத் தேடி வந்தபோது, அறிவு எல்லார்க்கும் பொதுவுடைமை என்று கருதி அதனை மறுத்தவரும் அவரே. அவர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

பிறப்பும் இளமையும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் மைமன்சிங் நகரில் பிறந்தார். அந்நகர் இப்பொழுது வங்காளதேச நாட்டில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ், குற்ற வழக்குகளை உசாவித் தீர்ப்பளிக்கும் அரசாங்க அலுவலராக விளங்கியவர். அவரால் தண்டிக்கப்பெற்ற கொள்ளைக்காரன் ஒருவன், சிறையினின்றும் மீண்டபின் பிழைக்க வழியின்றி அவரிடமே வந்து நின்றான். அவர் அவனை வெறுத்து ஓட்டினார் அல்லர். தம் இளமகனைப் பள்ளிக்குத் தூக்கிச் செல்லும் பணியை அவனுக்கு அளித்தார். அவனும் அந்நம்பிக்கைக்கு ஏற்ப நன்றியுடன் நடந்துகொண்டான்.

அந்நாளில் செல்வர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ, மகன் முதலில் தாய்மொழியைக் கற்றல் வேண்டும். தன் நாட்டு எளிய மக்களை அறிதல் வேண்டும் என்று எண்ணி வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே இசுலாமிய ஏவலர் ஒருவரின் மகனும் மீனவர் ஒருவரின் மகனும் அவருக்கு அருகில் அமர்ந்து கற்றனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவை பற்றி அத்தோழர் கூறிய கதைகளே, இயற்கையை ஆராயும் விருப்பத்தைத் தம் உள்ளத்தில் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கல்வி

பின்னர் அவர் கல்கத்தாவுக்குச் சென்று ஹேர் பள்ளியிலும், அடுத்துத் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே இயற்பியல் கற்பித்த லஃபோன் அடிகளார், ஆய்வுகளைக் கண்முன் செய்துகாட்டி விளக்குவதில் வல்லவர். அவர் மூட்டிய ஆர்வம் போஸின் உள்ளத்தில் நிலைத்தது. 1880ஆம் ஆண்டு போஸ் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். ஆனால், நோயால் உடல் நலிந்தமையின் அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. அதனாற் சோர்வடையாமல், கேம்பிரிட்சில் கிறைஸ்து கல்லூரியிற் சேர்ந்து அறிவியல் கற்றார். புகழ்பெற்ற ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கேம்பிரிட்சுப் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று, 1885ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார்.

ஊதியம் பெறாத ஆசிரியர்

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவருக்கு இயற்பியற் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆனால், ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு வழங்குவது அக்காலத்து முறை. போஸின் பதவி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியைக் குறைத்தனர். ஒத்த கல்வியும் ஒத்த பணியும் உடையவர்க்கு ஊதியம் மட்டும் ஒவ்வாதிருத்தல் முறையோ? போஸ் வாதாடவில்லை, வேலையை விட்டு விலகவுமில்லை. நாள் தவறாமல் கல்லூரிக்குச் சென்று பாடம் நடத்தினார். திங்கள்தோறும் வந்த ஊதியத்தை மட்டும் வாங்க மறுத்தார். ஒருநாள் இருநாள் அன்று. மூன்று ஆண்டுகள் இந்நோன்பு நீடித்தது.

அப்பொழுது அவர் குடும்பம் செல்வச் செழிப்பில் இருக்கவில்லை. தந்தையார் பொதுநலம் கருதித் தொடங்கிய தொழில்கள் நட்டமடைந்து, கடன் சுமை பெருகியிருந்தது. 1887ஆம் ஆண்டு அவர் மணந்துகொண்ட அபலா அம்மையார், நம் சென்னை நகருக்கு வந்து மருத்துவம் பயின்றவர். பின்னாளில் பெண்கல்விக்குப் பெருந்தொண்டு புரிந்தவர். அவ்வம்மையாரும் கணவரின் உறுதிக்குத் துணைநின்று வறுமையைப் பொறுத்தார். முடிவில், கல்லூரித் தலைவரும் கல்வித்துறைத் தலைவரும் போஸின் தகுதியையும் நேர்மையையும் உணர்ந்தனர். முழு ஊதியமும், கடந்த மூன்றாண்டுகளுக்கும் சேர்த்து, அவருக்கு வழங்கப்பெற்றது. அதனைக் கொண்டு அவர் தந்தையாரின் கடனைத் தீர்க்கலானார்.

காணா அலைகளை ஆராய்தல்

ஒளியைப் போன்ற மின்காந்த அலைகள் வேறு பலவும் இருத்தல் கூடும் என்று மாக்சுவெல் என்னும் அறிஞர் கணிதத்தால் முன்னரே நிறுவியிருந்தார். செருமானிய அறிஞர் ஹெர்ட்சு அவ்வலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். அவ்வலைகள் மிக நீண்டவை. ஆதலின் அவற்றின் இயல்பை நுணுகி ஆராய்தல் அரிதாயிற்று. போஸ் 1894ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சியில் இறங்கினார். அலை குறுகினால் கருவியும் குறுகும் என்று கண்டு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளை உண்டாக்கினார்.

அவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடமோ குளியலறையை ஒட்டிய சிற்றறை. ஆராய்ச்சிக்கென்று தனிப்பொருள் தருவார் இல்லை. கருவிகளைத் தம் செலவில், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கி அவரைக் கொண்டே செய்வித்தார். புகைவண்டிக் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கு இடையே வெள்ளீயத் தாளைச் செருகி, அதனையே அலைகளின் இயல்பை ஆராயும் கருவியாக்கினார். முறுக்கிய சணல் நாரும் அவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று.

கல்கத்தா நகர மண்டபத்தில், அரசாங்கத் துணை ஆளுநர் முன்னிலையில் அவர் தம் ஆய்வைச் செய்துகாட்டினார். கம்பியின்றிச் சென்ற அலைகள், சுவரையும் கடந்து அப்பால் இருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. 1896ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் அளித்தது. 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் ராயல் கழகத்தில் அவர் ஆற்றிய ஆய்வுரை அறிஞர் பலரையும் வியக்கச் செய்தது.

கனிமக் கண்

அந்நாளில் அலைகளை உணர்தற்குப் பயன்பட்ட கருவி, இரும்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் ஆகும். அலை பட்டதும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைச் செலுத்தும். ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டித் தூளைக் கலைத்தாலன்றி அடுத்த அலையை அது உணராது. இக்குறையை நீக்க முயன்ற போஸ், பல பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கலீனா என்னும் ஈயத் தாதுவைத் தேர்ந்தார்.

செம்பு மின்சாரத்தை எளிதிற் செலுத்தும், கண்ணாடி செலுத்தாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இயல்புடைய பொருள்களை இன்று குறைக்கடத்திகள் என்கிறோம். கலீனாவும் அவ்வகையினதே. அதன்மேல் கூரிய முனையொன்று தொட்டிருக்குமாயின், மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்லும். இவ்வியல்பைச் செருமானிய அறிஞர் பிரௌன் 1874ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அதனை மின்காந்த அலைகளை உணரும் கருவியாக்கிய பெருமை போஸுக்கே உரியது. தட்ட வேண்டாமலே அக்கருவி மீண்டும் மீண்டும் அலைகளை உணர்ந்தது. அன்றியும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் புலனாகாத அலைகளையும் அது ஒருங்கே உணர்ந்தமையால், போஸ் அதனைச் செயற்கையான விழித்திரை என்று கருதினார்.

1901ஆம் ஆண்டு அவர் இலண்டனில் இருந்தபொழுது, கம்பியில்லாத் தந்தித் தொழில் நடத்திய செல்வர் ஒருவர் அவரை நாடி வந்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுமாறும், வரும் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் வற்புறுத்தினார். போஸ் இணங்கவில்லை. இந்நிகழ்ச்சியைத் தம் நண்பர் இரவீந்திரநாத தாகூருக்கு மடல் வாயிலாகத் தெரிவித்தார். எனினும், அன்பர் சிலரின் தூண்டுதலால் அவ்வாண்டே கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பெற்று, 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. கிடைத்த உரிமையைக் கொண்டு அவர் ஒரு காசும் ஈட்ட முற்படவில்லை.

விதையும் விளைவும்

இதனால் அவருக்கு இழப்பு நேரவில்லையா என்று நீங்கள் வினவலாம். பொருளிழப்பு நேர்ந்தது உண்மையே. புகழும் ஓரளவு பிறரைச் சேர்ந்தது. அவர் தம் நாட்டத்தைச் செடிகொடிகளின் மீது திருப்பியபின், அவர் விட்ட இடத்தை மற்றையோர் தொட்டனர். கலீனாத் துண்டும் கம்பி முனையும் கொண்ட எளிய வானொலிப் பெட்டிகள் பின்னர் உலகெங்கும் பரவின. இரண்டாம் உலகப்போரில் ராடார்க் கருவிகளுக்குக் குறைக்கடத்திப் படிகங்கள் துணைபுரிந்தன. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்று ஒளியை மின்குறியாக மாற்றும் சிலிக்கன் தகடுகள் ஒளிப்படக் கருவிகளில் அமர்ந்துள்ளன; அவற்றின் துணையால் கணிப்பொறிகள் முகங்களையும் எழுத்துகளையும் இனங்காண்கின்றன. இவையனைத்தும் போஸ் ஒருவராலேயே விளைந்தன என்று கூறுதல் பொருந்தாது. பலர் உழைத்த உழைப்பின் பயன் இவை. ஆயினும், அவ்வழியில் முதற்கண் நடந்தவருள் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை. குறைக்கடத்தி ஆராய்ச்சியில் நோபல் பரிசு பெற்ற நெவில் மாட் என்னும் ஆங்கில அறிஞர், போஸ் தம் காலத்தினும் அறுபது ஆண்டுகள் முற்பட்டவர் என்று பாராட்டினார்.

செடிகொடிகள் புறத்தூண்டலுக்கு ஏற்ப மின்மாறுதல் அடைகின்றன என்பதைப் போஸ் பல ஆய்வுகளாற் காட்டினார். அவற்றின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் அமைத்தார். அவர் கூறிய கருத்துகள் சிலவற்றை அக்கால உடலியல் அறிஞர் ஏற்க மறுத்தனர். அம்மறுப்புக்கு அவர் மேலும் மேலும் ஆய்வு செய்தே விடை கூறினார்.

அறிவுக் கோயில்

1915ஆம் ஆண்டு கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்ற போஸ், வாழ்நாள் முழுதும் சேர்த்த பொருளைக் கொண்டு கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1917ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் பிறந்தநாளில், அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே காணப்பெறும் உண்மைகள் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும். அவற்றிற்குக் காப்புரிமை பெறலாகாது என்று அன்றே அறிவித்தார். அவ்வாண்டு அவருக்குச் சர் பட்டமும், 1920ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் சிறப்பும் கிடைத்தன. 1937ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார். மாநிலக் கல்லூரியில் அவரிடம் பயின்ற மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத போசும் உலகம் போற்றும் அறிஞராகத் திகழ்ந்தனர்.

தனக்கு உரிய ஊதியம் நேர்மைக்கு மாறாகக் குறைக்கப்பட்டபோது, அதில் ஒரு காசும் தொடேன் என்று உறுதியாக நின்றவர் போஸ். உலகுக்கு உரிய அறிவை விலைபேச வந்தபோது, வேண்டா என்று விலக்கியவரும் அவரே. முன்னது தன்மானம், பின்னது ஒப்புரவு. இவ்விரு பண்புகளும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அரிது. மாணாக்கர்களே! நீங்களும் கருவியில்லை, இடமில்லை என்று சோர்வடையாமல், கைக்கு எட்டியதைக் கொண்டே கருத்துடன் ஆராயுங்கள். கற்றதைப் பிறர்க்கும் வழங்குங்கள். அதுவே அப்பெரியாரின் வாழ்வைப் படித்ததன் பயனாகும்.