டாக்டர் கேட் காம்பெல் அம்மையார்

மாதம் நிறையுமுன்னர்ப் பிறக்கும் சிசுக்களின் உயிரைக் காக்க மருத்துவர் கையாண்ட உபாயமே, அச்சிசுக்களுள் பலரின் கண்ணொளியைக் கவர்ந்தது. இதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டோருள் முன்னின்ற ஆஸ்திரேலிய மாதரசி ஒருவரின் சரிதத்தைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

கேட் காம்பெல் 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி மெல்பர்ன் நகரைச் சார்ந்த ஹாதார்ன் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு குமாஸ்தா. உபகாரச் சம்பளத்தின் உதவியால் மெதடிஸ்ட் பெண்கள் கலாசாலையில் பயின்ற இவர், மெல்பர்ன் சர்வகலாசாலையில் 1922-ல் வைத்தியப் பட்டமும் 1924-ல் எம்.டி. பட்டமும் பெற்றார். பின்னர் நோபெல் பரிசு பெற்ற மக்பார்லேன் பர்னெட் இவருடன் ஒருங்கு பயின்றவர். 1929 முதல் 1965 வரை அச்சர்வகலாசாலையிலேயே சிசு பரிபாலனம் பற்றி மாணவர்க்குப் போதித்து வந்தார்.

இனி அக்கண்நோயின் வரலாற்றைக் கூறுவோம். 1942-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து டெர்ரி என்னும் கண் வைத்தியர், குறைமாதக் குழந்தைகள் சிலரின் கண்மணிக்குப் பின்னே வெண்படலம் படர்ந்திருத்தலைக் கண்டு வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இந்நோயால் குருடாயினர். வியப்பு யாதெனில், வசதி மிக்க ஆஸ்பத்திரிகளிலேயே இது மிகுதியாகக் காணப்பட்டது! ஏழை எளியோரின் சிசுக்கள் தப்பின. சத்துக்குறைவோ, மருந்தோ, வெளிச்சமோ என்று பலரும் பலவாறு ஐயுற்றனர்.

அம்மையார் புதிய கருவி எதனையும் நாடவில்லை. 1948 முதல் 1950 வரை மெல்பர்னில் மூன்று நிலையங்களில் வளர்ந்த குழந்தைகளின் குறிப்புகளை ஒப்பு நோக்கினார். ஒன்றில் பிராணவாயு தாராளமாக அளிக்கப்பட்டது. அங்கே நூற்றுக்குப் பத்தொன்பது குழந்தைகள் நோயுற்றனர். ஏனைய இரண்டிலும் அது சிக்கனமாக வழங்கப்பட்டது. அங்கே நூற்றுக்கு எழுவரே. பிராணவாயு மிகுதியே காரணமாகலாம் என்று 1951-ல் ஆஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். மாதம் நிறையாத சிசுவின் கண்ணில் இரத்தக் குழாய்கள் முற்ற வளர்ந்திரா. பிராணவாயு மிகுந்தால் அவை சுருங்கிப் பின் தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையைக் கெடுக்கின்றன. அவ்வாண்டே இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து மேரி கிராஸ் அம்மையாரும் இம்முடிவையே கூறினார். 1953, 1954-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பல கூடி நடத்திய பரீட்சை இதனை உறுதிசெய்தது.

ஆயினும் சங்கடம் அத்துடன் தீரவில்லை. குருட்டுக்கு அஞ்சிப் பிராணவாயுவை எங்கும் குறைத்தமையால், மூச்சுத் திணறி மாண்ட சிசுக்களும் உளர். கண்ணா, உயிரா என்னும் அக்கொடிய வினாவுக்கு, இரத்தத்தின் பிராணவாயுவை அளந்து அறியும் கருவிகள் வந்த பின்னரே ஓரளவு விடை கிடைத்தது. அம்மையாரின் முடிவைப் பிறர் அளவு கடந்து கைக்கொண்டமைக்கு அவரைக் குறை கூறுதல் தகாது என்பது எமது கருத்து.

1964-ல் நார்மன் கிரெக் என்னும் மருத்துவருடன் ஒரு பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1971-ல் டேம் பட்டம் எய்தினார். மணம் புரியாது வாழ்ந்து, 1986-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காலஞ்சென்றார்.