புரூடன்ஸ் கிராண்டல் அம்மையார்

தாம் கற்றதைக் கரவாது பிறர்க்கு வழங்குதலே ஆசிரியர்க்கு அழகு. அவ்வறத்தைக் காக்கும் பொருட்டுத் தம் ஊரார் பகைமையைத் தலைமேற்கொண்ட ஒரு மாதரசியின் சரிதத்தை ஈண்டு நம் அன்பர்கட்குச் சுருங்க உரைப்பாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ரோட் ஐலண்டு மாகாணத்தில், 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த குடியொன்றில் கிராண்டல் அம்மையார் பிறந்தார். 1831இல் கனெக்டிகட் மாகாணத்துக் காண்டர்பரி ஊரார் வேண்ட, ஆங்கொரு பெண்கள் பாடசாலையை நிறுவினார். ஊர்ப் பெரியோர் தம் புதல்வியரை மகிழ்வுடன் அனுப்பினர்.

1832இல் கருநிறத்தாராகிய உழவர் ஒருவரின் மகள் சாரா ஹாரிஸ் என்பாள், தன் இனத்துச் சிறார்க்கு ஆசிரியையாக விரும்பி அப்பாடசாலையில் இடம் வேண்டினாள். அம்மையாரும் சேர்த்துக்கொண்டார். அவளை நீக்காவிடில் தம் பெண்களை நிறுத்திவிடுவதாக வெள்ளையர் அச்சுறுத்தினர். பள்ளி அழியினும் அப்பெண்ணை வெளியேற்ற அம்மையார் இசைந்திலர். அதனோடமையாது, 1833 ஏப்ரல் முதல் கருநிறப் பெண்கட்கென்றே அப்பள்ளியை நடத்தலானார். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா முதலிய நகரங்களினின்றும் மாணவியர் வந்து சேர்ந்தனர்.

ஊரார் சினம் எல்லை கடந்தது. வணிகர் பண்டம் விற்க மறுத்தனர். பள்ளிக் கிணற்றில் சாணத்தை இட்டனர். வேற்று மாகாணத்துக் கருநிறத்தார்க்கு ஊரார் இசைவின்றிக் கல்வி கற்பித்தல் குற்றமென்று அவ்வாண்டு மே மாதத்தில் சட்டமும் இயற்றினர். ஜூன் 27ஆம் நாள் அம்மையார் சிறைப்பட்டார். பிணை கொடுக்க வல்ல நண்பர் இருந்தும், அச்சட்டத்தின் கொடுமையை உலகம் காணட்டுமென்று ஓரிரவைச் சிறையிலேயே கழித்தார். சாமுவேல் மே என்னும் பாதிரியார் துணை நின்றார். ஆர்தர் தாப்பன் என்னும் வணிகர் வழக்குக்குப் பொருளுதவினார். முதல் விசாரணை முடிவின்றி நின்றது. இரண்டாவதில் குற்றவாளி எனப்பட்டார். 1834 ஜூலையில் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது.

நீதிமன்றத்தில் வெல்லமாட்டாதார் வன்முறையை நாடினர். 1834 செப்டம்பர் 9ஆம் நாள் இரவில் ஒரு கூட்டத்தார் புகுந்து பள்ளியின் பலகணிகளை நொறுக்கினர். மாணவியர் உயிர்க்கு அஞ்சி அம்மையார் பள்ளியை மூடினார்.

இதனைத் தோல்வி என்னலாமோ? 1838இல் அக்கொடுஞ்சட்டம் ஒழிந்தது. 1886இல் காண்டர்பரி மக்களே கையொப்பமிட்டு விண்ணப்பிக்க, மாகாண அரசினர் அம்மையார்க்கு ஆண்டுக்கு 400 டாலர் உதவித்தொகை அளித்தனர். 1890 ஜனவரியில் கான்சாஸ் மாகாணத்தில் அவர் காலமானார். 1995இல் கனெக்டிகட் அவரைத் தன் மாகாணத்தின் வீராங்கனையாகச் சிறப்பித்தது.

அன்பர்களே! அவரை எதிர்த்தோர் கள்வரும் கயவரும் அல்லர். கோயில் தவறாதவர், சட்டம் கற்றவர், ஊரில் மதிப்புடையவர். தம் இனம் உயரப் பிறரினம் தாழ வேண்டுமென்று எண்ணியதே அவர் பிழை. நாமும் குலத்தின் பெயரால் ஒன்றுகூடியவர். நம் மக்கள் கல்வியில் உயர வேண்டுமென்று முயல்வது நன்றே. ஆயின் பிறர் குழந்தை கல்விச்சாலையின் வாயிலில் நிற்கும்போது கதவடைக்கும் கை நம்முடையதாக இருத்தலாகாது. நம்மவரே கதவடைக்கத் துணியின், அவர் சினத்திற்கு அஞ்சாது தடுத்து நிற்பதே நம் குலத்திற்கு நாம் செய்யும் மெய்த்தொண்டாகும்.