உதைபந்தாட்ட ஆசான் செய்யது அப்துல் ரஹீம்

ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவருடைய அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்றுதான் முதலில் கேட்போம். செய்யது அப்துல் ரஹீமின் கணக்கைப் புரட்டினால், இரண்டு ஆசியத் தங்கப் பதக்கங்கள், ஒலிம்பிக்கில் ஒரு நான்காம் இடம், அடுத்தடுத்து ஐந்து ரோவர்ஸ் கிண்ணங்கள் என்று வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே ஒன்றுக்குப் பத்து என்ற தோல்வியும் கிடக்கிறது. அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அந்த வரியை விரைவாகக் கடந்துவிடுவார்கள். எனக்கோ அவருடைய கதையே அந்த வரியைச் சுற்றித்தான் நடந்ததாகத் தோன்றுகிறது.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிசாமின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானம். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார்; பல்கலைக்கழக அணியிலும் ஆடினார். பின்னர் ஆசிரியரானார். காச்சிகுடா நடுநிலைப் பாடசாலை, உருது ஷரீப் பாடசாலை, தாருல் உலூம் உயர்நிலைப் பாடசாலை, சாதர்காட் உயர்நிலைப் பாடசாலை என்று அவர் கற்பித்த இடங்கள் பல. இடையில் உடற்கல்வியில் டிப்ளோமா பெற்று, கடைசி இரண்டு பாடசாலைகளிலும் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தார். நாடு முழுவதும் பெயர் பரவிய பிறகும் அவரை ரஹீம் சாஹிப் என்றே அழைத்தார்கள். ஆசிரியருக்குரிய மரியாதையும் சிறிது பயமும் கலந்த அழைப்பு அது.

நாற்பதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் சாகும்வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. செயலாளர் என்றால் கடிதம் எழுதுவதும் கூட்டம் கூட்டுவதும்தான் என்று நினைப்போம். அவர் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு விசித்திரமான சுற்றுப்போட்டிகளை நடத்தினார். ஒன்றில், வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால்தான் உதைக்க வேண்டும். இடக்கால் பழக்கமுள்ளவன் வலக்காலால். இன்னொன்றில் பந்தைக் காலோடு கொண்டு ஓடி எதிராளியை ஏய்க்கக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இரண்டு வருடம் இப்படி ஆடிய ஒரு பையன் இரண்டு கால்களும் சமமாகப் பழகியவனாக வெளியே வருவான். தலையை நிமிர்த்தித் தோழன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவும் கற்றிருப்பான். நமது கல்லூரியில் வலைப்பந்து ஆடும் மாணவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழகாத கையால் பந்தை எறியச் சொன்னால் முதல் நாள் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி அவருடைய கைக்கு வந்த பிறகு இந்தப் பயிற்சியின் பலன் ஊரறிய வெளிப்பட்டது. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகளும் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கிண்ணத்தை அந்த அணி தொடர்ந்து வென்றது. டூரண்ட் கிண்ணத்தை 1950இலும் 1954இலும் கைப்பற்றியது. 1957இல் மறுபடியும் இரண்டு கிண்ணங்களும் கிடைத்தன. அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டம் என்றாலே கல்கத்தா என்றுதான் பேச்சு. மோகன் பகான், கிழக்கு வங்காளம் ஆகிய பெரும் கழகங்களுக்கு முன்னால் தெற்கிலிருந்து வந்த ஒரு பொலிஸ் அணி நின்று வென்றது சாதாரண காரியமல்ல.

1950இல் இந்திய தேசிய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. இந்தோனேசியாவை 3-0, அரையிறுதியில் ஆப்கானிஸ்தானை 3-0 என்று வென்ற இந்திய அணி, இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. சைலன் மன்னா அணித்தலைவர். அந்த ஒரே கோலை அடித்தவர் சாகு மேவாலால். ஆடியவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். வென்றுவிட்டதால் அதை எவரும் ஒரு குறையாகப் பார்க்கவில்லை.

குறை அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் தெரிந்தது. 1952 ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுடன் ஒரே ஓர் ஆட்டம். குளிர் நாடு, பழகாத தரை, எதிரே சப்பாத்தணிந்த பலசாலிகள். இந்தியா 10-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அஹ்மத் கான் அடித்தார். தோல்விக்குப் பிறகு, சப்பாத்து அணியாமல் ஆடக் கூடாது என்று இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் விதி செய்தது. பத்துக் கோல்களுக்கும் வெறுங்கால்தான் காரணம் என்று சொல்வது எளிது. ரஹீமுக்கு அது மட்டும் போதவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டம் உலகத்தையே பேசவைத்தது. முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் சற்றுப் பின்வாங்கி நிற்பார். அவரைக் காவல் காப்பதா, விட்டுவிடுவதா என்று எதிரணியின் தடுப்பாளர் குழம்புவார். அந்தக் குழப்பத்தில் மற்றவர்கள் உள்ளே நுழைவார்கள். இருவர் பின்னால், மூவர் நடுவில், ஐவர் முன்னால் என்ற பழைய வரிசையில் ஊறிப்போயிருந்த இந்திய ஆட்டக்காரர்களுக்கு ரஹீம் இந்தப் புதிய பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டுகளில் நமது நாட்டு இரசிகர்களும் இந்திய அணியை நன்றாக அறிந்திருந்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் ஆடிய கொழும்புக் கிண்ணப் போட்டி 1952இல் கொழும்பிலேயே தொடங்கியது. முதலாவது கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. அதன் பிறகு ரங்கூனிலும் கல்கத்தாவிலும் டாக்காவிலும் நடந்த மூன்று போட்டிகளிலும் இந்தியாவே வென்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக். உள்நாட்டுக் கொந்தளிப்பில் இருந்த ஹங்கேரி உதைபந்தாட்டத்திலிருந்து விலகியதால் முதற்சுற்றில் இந்தியா ஆடாமலே முன்னேறியது. காலிறுதியில் எதிரணி போட்டியை நடத்தும் அவுஸ்திரேலியா. நெவில் டி சூஸா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தது அதுவே முதல் தடவை. 4-2 என்று வென்ற இந்தியா, ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடாயிற்று. அரையிறுதியில் யார் எதிரே வந்தார்கள் என்பதுதான் சுவையானது. அதே யூகோஸ்லாவியா! இடைவேளைவரை இரு தரப்பும் கோல் போடவில்லை. இடைவேளைக்குப் பின் முதலில் கோல் போட்டது இந்தியா, போட்டவர் நெவில். பின்னர் யூகோஸ்லாவியா விழித்துக்கொண்டு 4-1 என்று வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று வென்றது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றுக்குப் பத்தாக இருந்தது நான்கே வருடத்தில் ஒன்றுக்கு நான்காக, அதுவும் முதலில் முந்திக்கொண்ட ஆட்டமாக மாறியிருந்தது. என்னைக் கேட்டால், ரஹீமின் கணக்கில் தங்கப் பதக்கங்களுக்குச் சமமாக வைக்க வேண்டியது இந்தத் தோல்வியைத்தான்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செகந்திராபாத்துக்கு அருகே அம்முகுடா என்ற சிற்றூரில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய திறமையை ரஹீம் கண்டுகொண்டார். பயிற்சிக்கு ஹைதராபாத்துக்கு வரச் சொன்னார். தினமும் அவ்வளவு தூரம் வந்துபோக அந்த வீட்டில் பணம் இல்லை. வாடகைச் சைக்கிள் எடுப்பதற்காக ரஹீம் தம் கையிலிருந்து நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். எங்கள் பூனாகலைப் பக்கத்திலும், பஸ் கட்டணத்தை நினைத்துப் பிள்ளையை மாலைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு ரூபாயின் மதிப்பு விளங்கும். அந்தப் பையன் மெல்பேர்ன் சென்ற அணியிலும், அதற்குப் பிறகு ரோமிலும் ஜகார்த்தாவிலும் இடம்பெற்றார். ஹைதராபாத்தில் பிறந்த இன்னொருவர், உயரமான கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ். பெயரே போதும், தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

1959இல் கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்காக் கிண்ணப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. அடுத்த ஆண்டு ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி. பிரான்ஸுடன் 1-1 என்று சமநிலை. பெருவிடம் 3-1 என்று தோல்வி. ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தவர் பலராம். பிரான்ஸுக்கு எதிராக முதலில் கோல் அடித்தவர் அணித்தலைவர் பி. கே. பானர்ஜி, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில்தான் பிரான்ஸ் சமன் செய்தது. முதற்சுற்றோடு வெளியேறிய அணி என்று புத்தகம் சொல்லும். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ரோம் அணியில் ரஹீமின் மகன் செய்யது ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். தந்தை அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்த முகத்தை எப்படிப் பார்த்தாரோ! ஹக்கீம் பிற்காலத்தில் சர்வதேச மத்தியஸ்தராகவும் பயிற்றுவிப்பாளராகவும் பெயர் பெற்றார்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா. ரஹீமின் நுரையீரலில் புற்றுநோய் குடிகொண்டிருந்த காலம் அது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது தடுப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அணி அரையிறுதிக்குப் போனது. தையலோடு இருந்த ஜர்னைலைத் தடுப்பு வரிசையில் நிறுத்த ரஹீம் துணியவில்லை; வெளியே உட்காரவைக்கவும் இல்லை. மைய முன்கள வீரராக முன்னால் அனுப்பினார். தென் வியட்நாமை 3-2 என்று வென்ற அந்த அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். மற்ற இரண்டும் அணித்தலைவர் சுனி கோஸ்வாமியுடையவை.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விழாவுக்கு அனுமதிக்காததை, இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார். கோபங்கொண்ட கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அப்பழி, பந்து உதைக்கப் போன பையன்களின் தலையிலும் விழுந்தது. இறுதிப் போட்டிக்கு முந்திய இரவு ரஹீம் தம் வீரர்களை அழைத்து, தமக்கு அவர்களிடமிருந்து ஒரே ஓர் அன்பளிப்பு வேண்டும் என்றும், அது நாளைய தங்கம்தான் என்றும் கேட்டதாக அங்கிருந்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பழகியவர் முதன்முறையாகக் கை நீட்டியபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

செப்டெம்பர் 4ஆம் திகதி. செனாயன் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர். அவர்களின் கூச்சல் இந்தியாவுக்கு எதிரானது. பார்வையாளர் வரிசையில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் என்று ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதிரணி, முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென் கொரியா. அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் இறங்கினார். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்று நிமிடங்களில் தையல் போட்ட தலையோடு நின்ற ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்தது. 2-1. கேட்ட அன்பளிப்பு ரஹீமுக்குக் கிடைத்தது.

ஊர் திரும்பிய ரஹீம் அதிக காலம் இருக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி, தமது 53ஆவது வயதில் வபாத்தானார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா உதைபந்தாட்டத் தங்கம் பெற்றது ஜகார்த்தாவோடு சரி. இன்றுவரை இன்னொன்று கிடைக்கவில்லை. அண்மையில் இந்தியில் அவரைப் பற்றி ஒரு திரைப்படம் வந்த பிறகே பலர் அப்படியொருவர் இருந்தார் என்று அறிந்தனர்.

அவர் வளர்த்த ஹைதராபாத் பொலிஸ் அணி, மாநிலம் மாறிய பின் ஆந்திரப் பொலிஸ் அணி என்று பெயர் மாறியிருந்தது. அந்த அணி 1960இல் ரோவர்ஸ் கிண்ணத்தையும் 1961இல் டூரண்ட் கிண்ணத்தையும் வென்றது. 1962இல் ரோவர்ஸ் கிண்ணத்தைக் கிழக்கு வங்காளக் கழகத்துடன் பகிர்ந்துகொண்டது. 1963ஆம் ஆண்டு ரோவர்ஸ் கிண்ணத்தையும் அதே அணிதான் வென்றது. அந்தப் பருவத்தில் ஓரத்தில் நிற்க ரஹீம் சாஹிப் இருக்கவில்லை.