கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழும் உமர்தம்பியும்

புளியஞ்சோலை டூர் போட்டோவுக்குத் தமிழ்லயே நாலு வரி எழுதிப் போடுறீங்க. பார்க்கிற எல்லாருக்கும் எழுத்து சரியாத் தெரியுது. 2000-களின் தொடக்கத்தில் நிலைமையே வேற, நண்பர்களே! அப்போ பல வீடுகள்ல விண்டோஸ் 98 தான். யூனிகோட் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வரும்.

இதுக்கு வழி கண்டவர் உமர்தம்பி. 1953-ல் தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். துபாயில் வேலை பார்த்தவர். அவர் உருவாக்கிய ‘தேனீ’ ஓர் இயங்கு எழுத்துரு. பக்கத்தை அமைக்கிறவர் அதன் நிரலில் ஓரிரு வரி சேர்த்தா போதும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தானே எழுத்துருவை இறக்கித் தமிழைக் காட்டிடும். படிக்கிறவர் எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதவும் ஒரு கருவி செய்தார். எல்லாத்தையும் இலவசமாவே கொடுத்தார்.

2006 ஜூலையில் மறைந்தார். 2010 கோவை செம்மொழி மாநாட்டில் இணைய அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இப்போ தமிழ் எழுத்துரு கணினியோடயே வந்துடுது, தேனீ தேவையில்லை. ஆனா உங்க ப்ராஜெக்ட் பக்கத்துக்கு வெப் ஃபான்ட் சேர்க்க ‘ஃபான்ட்-ஃபேஸ்’னு ஒரு வரி எழுதுறீங்களே, அதுவும் இதே வித்தைதான்.