தகட்டுக்குக் கணக்கு எழுதிய சோஃபி ஜெர்மைன்

அன்சிஸ்ல ஒரு மெல்லிய தகட்டை வரைஞ்சு மோடல் அனாலிசிஸ் ஓட்டியிருப்பீங்க. எந்த அதிர்வெண்ணில் தகடு எப்படி நெளியும்னு கலர் கலரா திரையில வரும். அந்தக் கணக்குக்கு முதல் அடி எடுத்து வைத்தவர், எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பெண். பெயர் சோஃபி ஜெர்மைன்.

1776-ல் பாரிஸில் பிறந்தார். 13 வயசுல பிரெஞ்சுப் புரட்சி. வெளியே போக முடியாததால் அப்பாவோட நூலகத்தில் கணிதம் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் தடுத்தார்கள்; ராத்திரி படிக்கக் கூடாதுன்னு மெழுகுவர்த்தியைக்கூட எடுத்து வைத்தார்கள். ஒளிச்சு வச்ச மெழுகுவர்த்தியில் படிப்பு தொடர்ந்தது. 1794-ல் எகோல் பாலிடெக்னிக் திறந்தது, ஆனா பெண்களுக்கு இடமில்லை. அங்கே படித்த லெபிளாங்க் என்ற மாணவரின் பெயரில், பேராசிரியர் லக்ராஞ்சுக்குத் தன் விடைகளை அனுப்பினார். உண்மை தெரிந்த பிறகும் லக்ராஞ்ச் அவரை ஊக்குவித்தார்.

அப்புறம் கிளாட்னி பாரிஸுக்கு வந்தார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தார். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி, கோலம் மாதிரி வடிவங்கள் வந்தன. 1809-ல் நெப்போலியனும் இதைப் பார்த்தார். ஏன் அந்த வடிவம்? காரணத்தைக் கணிதமா சொல்றவங்களுக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. நீளமான சட்டம் வளைவதற்கு ஆய்லரின் கணக்கு இருந்தது. ரெண்டு திசையிலும் வளையும் தகட்டுக்கு எதுவும் இல்லை.

1811-ல் போட்டிக்கு வந்தது ஒரே கட்டுரை, சோஃபியுடையது. தகடு வளைவை எதிர்க்கும் விசை, ரெண்டு திசை வளைவுகளின் கூட்டுத்தொகையைப் பொறுத்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. யோசனை சரி, வருவித்த சமன்பாடு தப்பு. நடுவராக இருந்த லக்ராஞ்ச் அதே யோசனையிலிருந்து சரியான சமன்பாட்டை எழுதினார். 1813-ல் மறுபடி அனுப்பினார். பாராட்டு மட்டும் கிடைத்தது. 1816-ல், மூன்றாவது முயற்சியில் பரிசு. வாங்க அவர் போகவில்லை. விளிம்பு நிபந்தனைகளைச் சரிசெய்தது 1850-ல் கிர்க்காஃப். நம்ம மின்சுற்று விதிகளின் அதே கிர்க்காஃப்தான்.

அவர் செய்த தவறுகள், முறையான வகுப்பில் உட்கார்ந்திருந்தால் முதல் வருஷமே திருத்தப்பட்டிருக்கும். திறமை இருந்தது, திருத்த ஆள் இல்லை. 1831-ல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்; வயது 55. 1889-ல் ஈஃபிள் கோபுரத்தில் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களைப் பொறித்தார்கள். மீள்தன்மைக் கோட்பாட்டுக்கு உழைத்த இவர் பெயர் அதில் இல்லை.

அடுத்த தடவை உங்க மோட் ஷேப் விசித்திரமா வந்தா, பவுண்டரி கண்டிஷனைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டுங்க. சோஃபிக்குக் கிடைக்காதது அதுதான்.